கக்கத்தில் ஒரு நோட்டு

கல்லூரிகளுக்குக் கம்பெனிகள் ஆள் எடுக்க வரும் மாதங்களில், சென்னையை அடுத்த படூரின் மொட்டை மாடிகளில் சாயங்காலம் ஒரே ராகம் கேட்கும். ஓ.எம்.ஆரை ஒட்டிய சந்துகளில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் இறுதியாண்டுப் பிள்ளைகள், துணி காயும் கொடிகளுக்கு நடுவே நடந்துகொண்டே ‘டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்’ என்று தங்களையே கேட்டுக்கொண்டு, பதிலையும் சொல்லிப் பார்ப்பார்கள். பெயர், ஊர், பத்தாவது மார்க், பன்னிரண்டாவது மார்க், அப்பா என்ன செய்கிறார், கடைசியில் ‘ஐ ஆம் எ ஹார்ட் ஒர்க்கர் அண்ட் எ குயிக் லேர்னர்’. ஏற்ற இறக்கம்கூட எல்லோருக்கும் ஒன்றுதான். பிறகு பலம் என்ன, பலவீனம் என்ன, ஐந்து வருஷம் கழித்து எங்கே இருப்பாய், எங்கள் கம்பெனியில் ஏன் சேர வேண்டும். வரிசையும் மாறாது.

1985-இல் இந்துஸ்தான் பொறியியல் கல்லூரி இங்கே வந்தது. பின்னாளில் பக்கத்துச் சிறுசேரியில் சிப்காட் பூங்காவும், அதற்குள் டி.சி.எஸ்ஸின் பிரம்மாண்ட வளாகமும் வந்தன. கல்லூரி வாசலிலிருந்து கம்பெனி வாசலுக்கு ஆட்டோவிலேயே போய்விடலாம். நடுவில் நிற்பது இந்தப் பத்துப் பதினைந்து கேள்விகள்தான். எனக்கு விளங்காத விஷயம் ஒன்று உண்டு. ராத்திரி பதினொரு மணி வரை ஊர்க்கதை பேசிச் சிரிக்கிற பிள்ளை, ‘உன்னைப் பற்றிச் சொல்’ என்றதும் எப்படி வேறு யாரோ ஆகிவிடுகிறது? தெரியாத பாடத்தில் தடுமாறினால் சரி. தன் வாழ்க்கையிலேயே தடுமாறினால்?

எங்கள் தெருப் பிள்ளைகள் சில நாள் என்னையும் மாடிக்குக் கூப்பிடுவார்கள். “சார், எச்.ஆர். மாதிரி கேளுங்க சார்.” அப்படி உட்கார்ந்த ஒரு நாளில், மின்னியல் படிக்கும் பையன் ஒருவன் எதிரே நின்றான். ‘நீ சந்தித்த ஒரு தோல்வியைச் சொல்’ என்றேன். தாளில் இருந்ததை ஒப்பித்தான். பாதியில் மறந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கினான். நான் நிறுத்தினேன்.

“அதை விடு தம்பி. லீவுல ஊருக்குப் போனா என்ன பண்ணுவ?”

“அப்பாவுக்குக் கரும்பு சார். மோட்டார் பாக்கணும்.”

அப்புறம் கதை தானாக வந்தது. அவர்கள் பக்கம் வயலுக்கு த்ரீ ஃபேஸ் கரண்ட் ராத்திரியில்தான் வரும், எப்போது வரும் என்று நிச்சயமில்லை. அப்பா இரண்டு மூன்று தடவை எழுந்து, டார்ச் எடுத்துக்கொண்டு, பாம்புக்குப் பயந்து வரப்பில் நடப்பார். இவன் ஒரு சின்ன சர்க்யூட் செய்து, பழைய போன் ஒன்றை அதில் கோத்து, கரண்ட் வந்ததும் அப்பாவின் போனுக்கு ரிங் போகும்படி வைத்தான். முதல் வாரமே அப்பா திட்டினார். ரிங் வந்தது, போனார், மோட்டார் ஓடவில்லை. வந்திருந்தது டூ ஃபேஸ். வீட்டு லைட் எரியும், மோட்டார் எடுக்காது. இவனுடைய சர்க்யூட் ஒரே ஒரு ஃபேஸை மட்டும் பார்த்துவிட்டு ‘வந்தாச்சு’ என்று சொல்லியிருந்தது. அடுத்த லீவில் மூன்றையும் தனித்தனியாகப் பார்த்து, மூன்றும் இருந்தால் மட்டும் கூப்பிடும்படி மாற்றினான். இப்போது அப்பா நிம்மதியாகத் தூங்குகிறாராம்.

“இத ஏன் ரெஸ்யூமில போடல?”

“இதெல்லாம் ப்ராஜெக்ட் இல்ல சார். வீட்டு வேல.”

தோல்வி, அதன் காரணம், திருத்தம், பலன் என்று கேள்வி கேட்பவர்கள் தேடுகிற எல்லாமே அந்த வரப்பில் இருந்தது. இங்கிலீஷில் எப்படிச் சொல்வது என்று பயந்தான். த்ரீ ஃபேஸ், டூ ஃபேஸ், ரிலே, சர்க்யூட் என்று கதையில் பாதி ஏற்கெனவே இங்கிலீஷில்தான் இருந்தது. மீதியைச் சின்னச் சின்ன வாக்கியங்களாகச் சேர்த்துக்கொண்டோம்.

எந்த ஊர் என்று கேட்டேன். திருக்கோவிலூர் என்றான். அதற்குமேல் என் மனம் அந்த மாடியில் நிற்கவில்லை, 1910-க்குப் போய்விட்டது.

அந்த வருஷம் திருக்கோவிலூரில் டெபுடி கலெக்டராக இருந்தவர் வி. ராமசாமி ஐயர், இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவர். அவரைத் தேடிக்கொண்டு வேலை கேட்டு வந்தார் ஓர் இளைஞர். கும்பகோணத்திலும் எஃப்.ஏ. என்ற கல்லூரித் தேர்வில் தேறவில்லை, சென்னைப் பச்சையப்பனிலும் தேறவில்லை. கல்யாணம் ஆகிவிட்டது. ரெவின்யூ இலாகாவில் ஒரு குமாஸ்தா வேலை கிடைத்தால் போதும். கையில் சிபாரிசு இல்லை, கணக்கு எழுதிய நோட்டு மட்டும் இருந்தது. ராமசாமி ஐயர் அதைப் பிரித்துப் பார்த்தார். இப்பேர்ப்பட்டவரைத் தாலுகா ஆபீஸின் அடிமட்டத்தில் போட்டு மூட மனம் வரவில்லை என்று பிறகு அவரே சொல்லியிருக்கிறார். வேலை தரவில்லை. சென்னையில் இருக்கும் கணித நண்பர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். வந்தவர் சீனிவாச ராமானுஜன்.

அந்தக் கடிதங்கள் கைமாறி, நெல்லூர் கலெக்டர் ஆர். ராமச்சந்திர ராவிடம் கொண்டு விட்டன. அந்தச் சந்திப்பை ராவே எழுதி வைத்திருக்கிறார். 1927-இல் கேம்பிரிட்ஜ் வெளியிட்ட ராமானுஜனின் கட்டுரைத் தொகுப்பு முகப்பில் அது இருக்கிறது. வேலைக்குப் போகிற ஒவ்வொரு பிள்ளையும், வேலைக்கு எடுக்கிற ஒவ்வொருவரும் படிக்க வேண்டிய பக்கம் என்பேன். கணக்கே தெரியாத ராவின் உறவுப் பையன்தான் முதலில் வந்து சொல்கிறான்: யாரோ வந்து கணக்கைப் பற்றிப் பேசுகிறார், எனக்கு ஒன்றும் புரியவில்லை, நீங்கள் பாருங்கள் என்று. உள்ளே வந்தவர் குட்டையான, சற்றே பருத்த ஆள். சவரம் செய்யவில்லை, உடையிலும் சுத்தம் போதாது. கண் மட்டும் பளபளவென்று இருந்தது. கக்கத்தில் நைந்துபோன நோட்டு. இன்றைய பயிற்சி வகுப்புகளில் ‘முதல் முப்பது விநாடி’ என்று பயமுறுத்துகிறார்களே, அந்த முப்பது விநாடியில் ராமானுஜன் தேறியிருக்கவே மாட்டார்.

நோட்டைத் திறந்து விளக்கினார். ஏதோ வழக்கத்துக்கு மாறானது என்று ராவுக்குத் தெரிந்தது. ஆனால் இது சரக்கா பிதற்றலா என்று பிரித்துச் சொல்லும் அறிவு தன்னிடம் இல்லை என்றும் தெரிந்தது. முடிவைத் தள்ளிவைத்து, மறுபடி வரச் சொன்னார். வந்தார். இந்த முறை நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். எதிரே இருப்பவருக்கு எவ்வளவு தெரியாது என்பதை ராமானுஜன் அளந்து வைத்திருந்தார் என்கிறார் ராவ். அதனால் முதலில் எளிமையான முடிவுகளைக் காட்டினார். அவையே அச்சில் வந்த புத்தகங்களைத் தாண்டியிருந்தன. ராவின் சந்தேகம் தீர்ந்தது. அப்புறம் படிப்படியாக நீள்வட்டத் தொகைகள், மிகைப்பெருக்குத் தொடர்கள் என்று ஏற்றி, கடைசியில்தான் உலகத்துக்கு இன்னும் சொல்லாமல் வைத்திருந்த விரியும் தொடர்களைப் பற்றிய தன் கோட்பாட்டுக்கு வந்தார்.

முதல் தடவை கொட்டியதையே இரண்டாம் தடவையும் கொட்டவில்லை. கேட்பவர் ஏற முடிகிற படியிலிருந்து தொடங்கினார். தயாரிப்பு என்றால் எனக்கு இதுதான் தயாரிப்பு.

உனக்கு என்ன வேண்டும் என்று ராவ் கேட்டார். சாப்பிட்டு உயிரோடு இருக்க ஏதோ கொஞ்சம்; ஆராய்ச்சி நடக்க வேண்டும். இவ்வளவுதான் பதில். ‘எவ்வளவு சம்பளம் எதிர்பார்க்கிறாய்’ என்ற கேள்விக்கு இதைவிட நேரான பதிலை நான் படித்ததில்லை. ராவ் சில காலம் கைப்பணம் கொடுத்துத் தாங்கினார்.

‘நடுவில் ஏன் இத்தனை வருஷம் இடைவெளி’ என்பது இன்று அரியர் வைத்த பிள்ளைகளை நடுங்க வைக்கிற கேள்வி. ராமானுஜனும் அதற்குப் பதில் எழுதியிருக்கிறார். 1912 பிப்ரவரி 9-ஆம் தேதி, திருவல்லிக்கேணி முகவரியிலிருந்து மெட்ராஸ் போர்ட் டிரஸ்ட்டுக்கு அவர் அனுப்பிய விண்ணப்பம் சில வரிதான். மெட்ரிகுலேஷன் தேறினேன், எஃப்.ஏ. வரை படித்தேன், தகாத சூழ்நிலைகளால் தொடர முடியவில்லை, நேரம் முழுவதையும் கணிதத்தில் செலவிட்டு வருகிறேன், வேலை கொடுத்தால் ஒழுங்காகச் செய்வேன். மறைப்பும் இல்லை, மன்றாட்டும் இல்லை. தவறிப்போனதற்கு ஒரு வரி, அந்தக் காலத்தில் செய்ததற்கு அடுத்த வரி. மார்ச் 1-ஆம் தேதி மாதம் முப்பது ரூபாய்ச் சம்பளத்தில் சேர்ந்தார். மறு வருஷம் ஜனவரி 16-இல் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதிய கடிதமும் அப்படியேதான் தொடங்குகிறது. போர்ட் டிரஸ்ட் கணக்குப் பிரிவில் குமாஸ்தா, வருஷம் இருபது பவுண்டு சம்பளம், பல்கலைக்கழகப் படிப்பு கிடையாது. தன்னைப் பற்றி அவ்வளவு சொல்லிவிட்டு, பக்கம் பக்கமாகத் தேற்றங்களுக்குப் போய்விடுகிறார்.

ஆளைத் தேர்ந்தெடுப்பதில் இந்தப் பக்கத்துக்குப் பழைய அனுபவம் உண்டு. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோவில் சுவரில், பராந்தக சோழன் காலத்தில் 919-லும் 921-லும் வெட்டிய விதிகள் இருக்கின்றன. ஊர்ச் சபையின் வாரியத்துக்குக் குலுக்கலில் ஆள் எடுப்பார்கள்; அதற்கு ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட முப்பத்தைந்திலிருந்து எழுபது வயதுக்குள் இருக்க வேண்டும், நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் கற்றிருக்க வேண்டும். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயரைப் போடவே கூடாது. அவன் நெருங்கிய உறவினருக்கும் இடமில்லை. என்ன செய்தாய், கணக்கு எங்கே என்று அவர்கள் கேட்டது எனக்குப் பிடிக்கிறது. ஆனால் நிலமும் வேதமும் இல்லாதவருக்கு அந்தக் குடத்தில் ஓலை கிடையாது. படூர் மாடியில் நிற்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் அங்கே வாசலிலேயே நின்றிருப்பார்கள். இன்று கரும்புக்காட்டுப் பையன் நாற்காலியில் உட்கார்ந்து பதில் சொல்ல முடிகிறது. அது பெரிய விஷயம், அதனால்தான் அந்த நாற்காலி வீணாகப் போவதைப் பார்த்தால் எனக்கு வலிக்கிறது.

எப்படிக் கேட்டால் அது வீணாகாது என்பதற்கு ஆய்வும் உண்டு. 1998-இல் ஷ்மிட், ஹன்டர் என்ற இரண்டு உளவியலாளர்கள் எண்பத்தைந்து வருஷத்து ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். மனம்போன போக்கில் கேள்வி கேட்பதைவிட, வேலையில் ஒரு துண்டைக் கொடுத்துச் செய்யச் சொல்லிப் பார்ப்பதும், எல்லோரிடமும் ஒரே ஒழுங்கில் கேட்பதும் நல்ல ஆளைக் கண்டுபிடிக்க அதிகம் உதவுகின்றன என்று தெரிந்தது. கல்லூரிக்கு வருகிற குழுக்களுக்கு ஒரே பகலில் நூறு பிள்ளைகளைப் பார்க்க வேண்டியிருக்கிறது. ராமச்சந்திர ராவ் போல ‘மறுபடி வா’ என்று சொல்ல அவர்களுக்கு நேரம் இல்லை. அது புரிகிறது. முதல் கேள்வியை மட்டுமாவது மாற்றலாம். ‘நீயாகச் செய்த ஒன்றைக் காட்டு’ என்று தொடங்கினால் போதும். ஒருவன் மோட்டார் சர்க்யூட்டை எடுத்து வைப்பான். ஒருத்தி, அம்மாவின் மகளிர் குழுக் கணக்கைத் தான் எழுதுகிற நோட்டைப் பிரிப்பாள். இன்னொருத்தி, கோவளத்தில் அப்பாவின் படகுக்கு எந்த மாசம் எவ்வளவு டீசல் போயிற்று, எவ்வளவு மீன் வந்தது என்று போனில் போட்டு வைத்திருக்கும் பட்டியலை நீட்டுவாள். அதிலிருந்து அடுத்த கேள்வியைக் கேட்க, எதிரே இருப்பவர் நிமிர்ந்து உட்கார்ந்தாக வேண்டும்.