துருவும் தகடும்

இரும்பிலே தோன்றி இரும்பையே தின்பது துரு. செம்பும் வெள்ளியும் காற்றுப் பட்டால் நிறம் மங்கும், அவ்வளவே. அலுமினியமோ தன்மேல் மெல்லியதோர் ஆடையைத் தானே போர்த்துக்கொண்டு அமைதியுறும். இரும்புக்கு அந்தப் பேறு இல்லை. காற்றும் நீரும் கூடித் தீண்டிய இடத்தில் உண்டாகும் துரு, நுண்ணிய புழைகள் நிறைந்தது. அப்புழைகளின் வழியே மேலும் நீர் நுழையும். மேலும் துரு பிறக்கும். தான் தின்ற இரும்பைவிடத் துரு மிகுந்த இடம் கொள்வது. ஆதலின் மேலிருக்கும் வண்ணப்பூச்சைக் கொப்புளம்போல் உயர்த்திவிடும். பழைய மோட்டார் வண்டியின் கதவோரத்தில் சுண்டைக்காய் அளவில் ஒரு கொப்புளம் காணப்படுமாயின், அதன் உட்புறத்தில் உள்ளங்கை அளவுக்குத் தகடு அரிக்கப்பட்டிருத்தல் கூடும்.

என்னிடம் ஹெரால்டு வண்டி ஒன்று உண்டு. இங்கிலாந்தில் 1959-ஆம் ஆண்டு வெளிவந்த டிரையம்ப் ஹெரால்டின் வழிவந்தது அது. அதன் உருவத்தை வரைந்தவர் ஜியோவன்னி மிக்கெலொட்டி என்னும் இத்தாலியர். சென்னையை அடுத்த வண்டலூரில் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை, 1961 முதல் அதனை இந்நாட்டிலும் செய்து விற்றது. அத்தொழிற்சாலை மறைந்து நெடுங்காலம் ஆயிற்று. இவ்வண்டிக்கு ஒரு தனித்தன்மை உண்டு. இதன் மேலுடல் தனியான அடிச்சட்டத்தின்மேல் மரையாணிகளால் பிணைக்கப்பட்டிருக்கும். மரையைக் கழற்றினால் பகுதி பகுதியாகப் பிரித்து எடுத்துவிடலாம். பழுது பார்ப்போர்க்கு இதனினும் வேறு வசதி வேண்டுமோ?

யான் அதனை வாங்கியபொழுது, கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளியிருந்த ஒரு வீட்டின் கொட்டிலில் பல ஆண்டுகளாக நின்றிருந்தது. கடற்காற்றில் கலந்துவரும் உப்பு, துருவுக்கு உற்ற துணை. காற்றிலுள்ள ஈரத்தை ஈர்த்துத் தகட்டின்மேல் தங்கவைப்பது அது. மின்னோட்டத்துக்கு வழிவிடுவதும் அதுவே. துருப்பிடித்தல் ஒரு மின்வேதி நிகழ்ச்சி என்பதை நினைவிற் கொண்டால், உப்பின் தீமை நன்கு விளங்கும்.

வெளித்தோற்றத்தில் வண்டி ஒளி வீசியது. ஆயினும் துணியிற் பொதிந்த காந்தத் துண்டு ஒன்றைக் கதவின்கீழ் ஓடும் பெட்டித்தகட்டின்மேல் வைத்தேன்; அது பற்றவில்லை. இரும்பு இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது பட்டி. முன்பு எவரோ துருவைப் போக்காமலே பட்டியை அப்பி, தேய்த்து, வண்ணம் பூசியிருந்தனர். புதுப்பேட்டையில் தகட்டு வேலையில் முதிர்ந்த பெரியவர் ஒருவரிடம் வண்டியைக் கொண்டு சென்றேன். அவர் கீழே படுத்து, அடிச்சட்டத்தின் பக்கக் கை ஒன்றில் திருப்புளியை வைத்து அழுத்தினார். அது உள்ளே புகுந்து மறுபுறம் வந்தது.

“தம்பி, இதற்கும் பட்டி வைத்துப் பளபளப்பாக்கிவிடலாம். எனக்கு மூன்று நாள் போதும். இரண்டு மழைக்காலம் ஓடும். வெட்டி எடுத்து வேறு தகடு வைப்பதென்றால் மூன்று மாதம் ஆகும். இந்தக் கையின்மேல்தான் உடம்பு உட்கார்ந்திருக்கிறது. யார் ஏறப் போகிறார்கள் என்று சொல்லுங்கள்” என்றார்.

“பிள்ளைகள் ஏறுவார்கள், ஐயா” என்றேன். அவர் மறுமொழி கூறாது வெட்டுங் கருவியை எடுத்தார்.

துருவைப் போக்கும் வழிகள் பல. மணலைக் காற்றின் விசையால் வீசியடிப்பது விரைவானது. ஆனால் வண்டியின் மேல்தகடு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் கனமே உடையது. வன்மையாக வீசினால் தகடு நெளிந்துவிடும். நெளிந்ததை மீட்பது அரிது. மேலும், சாதாரண மணலின் தூசு நுரையீரலைக் கெடுப்பது. ஆதலின் கனத்த அடிச்சட்டத்திற்கு மட்டும், மணலுக்கு மாறாக இரத்தினக்கல் வகையைச் சேர்ந்த கார்னெட் பொடியை வீசச் செய்தோம். மேல்தகடுகளை வண்ணநீக்கி தடவிச் சுரண்டி, கம்பித் தூரிகையாலும் உப்புத்தாளாலும் தேய்த்தோம். கை நோகும் வேலைதான். ஆனால் தகட்டின் ஒவ்வொரு விரற்கடையும் கண்ணிற்படும்.

சிறு உறுப்புக்களுக்கு யான் பெரிதும் விரும்புவது மின்முறை. பிளாஸ்டிக் தொட்டியில் நீர் நிரப்பிச் சிறிது சலவைச் சோடாவைக் கரைக்க வேண்டும். துருப்பிடித்த உறுப்பை 12 வோல்ட் மின்கலம் ஏற்றும் கருவியின் எதிர்முனையிலும், பயனற்ற இரும்புத் துண்டு ஒன்றை நேர்முனையிலும் இணைத்து, ஒன்றையொன்று தொடாமல் தொங்கவிட வேண்டும். ஓரிரவு கழிந்தபின் துரு நெகிழ்ந்து கருநிறப் பொடியாகத் துடைத்தவுடன் நீங்கும். நல்ல இரும்பு தேய்வதில்லை. அப்போது எழும் குமிழிகளில் தீப்பற்றும் ஹைட்ரஜன் இருப்பதால் இதனைத் திறந்தவெளியிலேயே செய்தல் வேண்டும். நேர்முனையில் எவர்சில்வரை வைத்தல் கூடாது. நச்சுத்தன்மையுள்ள குரோமியம் நீரில் கலந்துவிடும்.

அரித்த தகட்டை வெட்டுமுன் பெரியவர் கதவு வாயிலின் குறுக்கே இரும்புக் கோல்களைப் பிணைத்தார். அவ்வாறு செய்யாவிடில் வாயில் கோணிக் கதவு பொருந்தாது போகும். பின்னர், நல்ல இரும்பு தென்படும் வரையில் வெட்டினார். அதற்குமேல் ஒரு நூல் அளவும் வெட்டவில்லை. பழைய வண்டியில் எஞ்சியிருக்கும் பழைய தகடே அதன் உயிர் என்பது அவர் கொள்கை. எனக்கும் அதில் உடன்பாடே. புதுத்தகட்டை ஒரே ஓட்டமாகப் பற்றவைக்காமல், இங்கொன்றும் அங்கொன்றுமாகப் புள்ளி வைத்து, சூடு ஆறவிட்டு இணைத்தார்.

வெறுமையான இரும்பு சென்னைக் காற்றில் ஓரிரவு கிடந்தாலே செந்நிறம் படரும். ஆதலின் தேய்த்த அன்றே பாஸ்பாரிக் அமிலம் தடவினோம். அது துருவின் எச்சத்தை இரும்புப் பாஸ்பேட்டாக மாற்றுவது. தில்லியில் குதுப்மினாரின் அருகே நிற்கும், ஏறத்தாழ 1,600 ஆண்டுப் பழமையுடைய இரும்புத்தூணைக் காப்பதும் இவ்வினத்தைச் சேர்ந்த மெல்லிய படலமே. அத்தூணின் இரும்பில் பாஸ்பரஸ் மிகுந்திருப்பதால் அப்படலம் உண்டாயிற்று என்பதைக் கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகப் பேராசிரியர் ஆர். பாலசுப்பிரமணியம் ஆராய்ந்து விளக்கினார். தூணுக்கு இயற்கையாய் வாய்த்ததை நாம் புட்டியிலிருந்து தடவுகிறோம்! அமிலம் எஞ்சாமல் கழுவி, நன்கு உலர்த்தி, எப்பாக்சி அடிப்பூச்சுப் பூசினோம். எஞ்சிய அமிலத்தின்மேல் அப்பூச்சு இறுகாது.

வெளித்தகட்டுக்கு வண்ணம் உண்டு. பெட்டித்தகட்டின் உட்புறத்துக்கு என்ன உண்டு? அங்கே தூரிகை செல்லாது. நீண்ட குழாயின் வழியே உருகிய மெழுகை உள்ளே தூவினோம். அது மடிப்புக்களிலும் இணைப்புக்களிலும் ஊர்ந்து சென்று தங்கும். அடிப்புறத்திற்குக் கனமான தார் பூசுவோர் பலர். யான் அதனை விரும்புவதில்லை. தார் வெடித்தால் வெடிப்பின் வழியே புகும் நீர் வெளியேறாது. உள்ளே நிகழ்வதும் தெரியாது.

கதவின் அடியிலும் பெட்டித்தகட்டின் அடியிலும் நீர் வடியச் சிறு துளைகள் உண்டு. முன்பு பட்டி வைத்தவர் அவற்றையும் சேர்த்தே அடைத்திருந்தார். வண்ணம் உலர்ந்தபின் பெரியவர் கம்பியால் ஒவ்வொரு துளையையும் குத்திப் பார்த்தார். பின்னர்ச் செம்பில் நீர் கொணர்ந்து கண்ணாடி இறங்கும் இடுக்கின் வழியே கதவினுள் ஊற்றினார். அடியிலிருந்த இரு துளைகளிலும் நீர் ஒழுகித் தரையை நனைத்தது. அடுத்த கதவுக்கு நீர் கொணரச் செம்பை என் கையில் தந்தார்.