ஊசி தாண்டிய இடம்

பெரியப்பாவிடம் துவாரம் வெங்கடசாமி நாயுடுவின் இசைத்தட்டு ஒன்று இருந்தது. வடிவீஸ்வரம் வீட்டில் நெல்லுப் பத்தாயத்தின் மேல் கிராமபோன். தட்டின் லேபிளில் ராகத்தின் பெயர் அழிந்துவிட்டிருந்தது. கேட்டுச் சொல்ல எனக்குத் தெரியாது, இன்றும் தெரியாது. ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷம், சற்றுக் கூட. அன்று ஒரு கலைஞனுக்கு அளந்து கொடுக்கப்பட்டது அவ்வளவுதான்.

நாஞ்சில் நாட்டுக்காரனுக்குச் சங்கீதம் வேறெங்கோ நடக்கிற காரியம். நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்துச் சரஸ்வதி திருவனந்தபுரம் போகிறாள். 1956இல் ஜில்லா தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் போய்க்கொண்டுதான் இருக்கிறாள். கச்சேரி அங்கே. எங்களுக்கு வாய்த்தது ரேடியோவும் தட்டும்.

துவாரம் 1893இல் பெங்களூரில் பிறந்தவர். 1919இல் ஆந்திரத்து விஜயநகரம் மகாராஜா சங்கீதக் கல்லூரியில் ஆசிரியர். 1936இல் அதன் முதல்வர். 1941இல் சங்கீத கலாநிதி. பார்வை மங்கல். பாடகனின் நிழலாக இருந்த வயலினைத் தனியாக மேடையில் உட்கார வைத்தவர்களில் முன்னோடி. கும்பகோணம் ராஜமாணிக்கம் பிள்ளையை இன்று கேட்க வேண்டுமென்றால் பெரும்பாலும் அரியக்குடியின் கச்சேரிகளுக்குள்தான் தேட வேண்டும். துவாரத்துக்குத் தம் பெயரிலேயே சில தட்டுகள் உண்டு.

எங்கள் தட்டில் நடுவே ஓரிடம். வில் கீழே தயங்கிக்கொண்டிருக்கும். மறுகணம் உச்சியில் நிற்கும். இடையில் படிகள் இல்லை. அந்தத் தாவலை வைத்து முப்பது வருஷங்களுக்கு முன் ஒரு கட்டுரை எழுதினேன். சொல்லாமல் விடுவதே கலையின் தைரியம், நம் புதுக்கவிதை கற்க வேண்டியது இதைத்தான் என்றெல்லாம். நண்பர்கள் சிலர் பாராட்டினார்கள். பிறகு வந்த கவிதைகளை அந்தக் கோலால் அளந்தேன். ஓர் இளைஞரின் கையெழுத்துப் பிரதியில் வரிவரியாக அடித்துக் கொடுத்தேன். அவர் அதன்பின் எழுதவில்லை.

போன மாதம் என்னைவிட இளைய நண்பர் ஒருவர் கைபேசியில் அதே ஆலாபனையைப் போட்டார். யாரோ பத்திரப்படுத்தியிருந்த நல்ல தட்டிலிருந்து எடுத்தது. அந்த இடம் வந்தது. வில் தாவவில்லை. ஒவ்வொரு ஸ்வரமாக, அவசரமில்லாமல், கண் மங்கியவர் தெப்பக்குளத்துப் படிகளைக் காலால் தொட்டுத் தொட்டு ஏறுவது போல ஏறிற்று.

“என்ன அண்ணாச்சி, முகம் ஒரு மாதிரி ஆயிட்டு?” என்றார்.

கணக்குப் பார்த்தேன். நிமிஷத்துக்கு 78 சுற்று. ஒரு சுற்றுக்கு முக்கால் விநாடி. பெரியப்பாவின் தட்டில் கீறலுக்குப் பயந்து ஊசி நாலு சுற்றைத் தாண்டியிருக்கிறது. மூன்று விநாடி. என் விமர்சனக் கொள்கை முழுவதும் அதற்குள் அடங்கியிருந்தது.

துவாரம் 1964இல் காலமானார். அவர் விட்டுப்போனதில் நான் போற்றிவந்தது அவர் வாசிக்காத ஒன்றை. வாசித்ததோ எங்கோ ஒரு தட்டில் பத்திரமாக இருந்து, என்னை வந்து திருத்தியிருக்கிறது. அவருக்கு நஷ்டமில்லை.

அந்த இளைஞரின் கவிதையில் நான் அடித்த வரிகளை நினைவுபடுத்திப் பார்க்கிறேன். ஒன்றும் வரவில்லை. அவற்றுக்கு வேறு பிரதி கிடையாது.