சின்னக்கடை வீதி

கும்பகோணம் என்றவுடன் அன்பர்கள் பலருக்கும் கோயில்களும், பன்னீராண்டுக்கு ஒருமுறை வரும் மகாமகமுமே நினைவுக்கு வரும். எனக்கோ சின்னக்கடை வீதியே முதலில் தோன்றும். என் தந்தையார் அவ்வீதியில் ஒரு பாத்திரக் கடையில் கணக்கெழுதுபவர். இச்செய்தியை நம் கல்லூரி நண்பர் எவரிடமும் நான் நெடுநாள் கூறியதில்லை.

சென்ற கோடை விடுமுறையில் விடுதித் தோழர் ஒருவர் எங்கள் ஊரைக் காணக் காலை இரயிலில் வந்தார். சக்கரபாணி கோயிலிலிருந்து இராமசாமி கோயிலை நோக்கி நடந்தோம். தஞ்சை நாயக்க மன்னரின் அமைச்சரான கோவிந்த தீட்சிதர் இராமசாமி கோயிலை எழுப்பிய காலத்தில், இவ்விரு கோயில்களுக்கும் இடையே வாணிகத்திற்கென வகுத்த வழியே இவ்வீதி என்று தோழருக்கு எடுத்துரைத்தேன். நாச்சியார்கோயில் குத்துவிளக்கும், திருபுவனத்துப் பட்டும், காவிரிக்கரைக் கொடிக்கால்களின் வெற்றிலையும் எங்கள் ஊர்க் கடைகளுக்கு வந்து சேரும் விதத்தையும் விவரித்தேன். சம்பா அறுவடையானதும் கல்யாணச் சீர் வாங்கக் கிராமத்தார் திரளுவர். மேட்டூரில் ஜூன் 12-இல் நீர் திறவாத ஆண்டுகளிலோ கடன் ஏடே தடிக்கும். இதனை எனக்குக் கற்பித்தவர் தந்தையார். அதை மட்டும் சொல்லவில்லை.

எங்கள் கடையை நெருங்கினோம். தந்தையார் ஏட்டிலிருந்து தலைநிமிர்ந்து புன்னகை செய்தார். நானோ எதிர்க்கடை விளக்கொன்றைத் தோழருக்குக் காட்டுபவன்போல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மீண்டும் நோக்கியபோது அவர் ஏட்டில் குனிந்திருந்தார்.

பிற்பகலில் காவிரிக்கரையிலுள்ள அரசினர் கல்லூரிக்குச் சென்றோம். 1854-இல் தோன்றிய அக்கலாசாலையில் 1880 முதல் 1903 வரை தமிழ் கற்பித்தவர் உ. வே. சாமிநாதையர். 1904-இல் இராமானுஜன் உதவிச் சம்பளத்துடன் அங்கே சேர்ந்து, கணிதம் ஒழிந்த பாடங்களில் தவறியதால் அதனை இழந்தார். அதே 1904-இல்தான் எங்கள் வணிகர் ஊரில் கும்பகோணம் பாங்கும் தொடங்கிற்று. இன்று அது சிட்டி யூனியன் பாங்கு எனப்படுகிறது.

பின்னர்ச் சாரங்கபாணி சந்நிதித் தெருவில், சாஸ்திரா பல்கலைக்கழகத்தார் பேணிவரும் இராமானுஜனது இல்லத்தைக் கண்டோம். அவருடைய தந்தை ஜவுளிக் கடையொன்றில் கணக்கர். "கடைக் கணக்கரின் மகனா உலகம் போற்றும் மேதையானார்!" என்று தோழர் வியந்தார். என் நா எழவில்லை.

தோழர் மாலை இரயிலில் சென்றபின், இரவில் தந்தையார் சொன்னது இவ்வளவே: "உன் சிநேகிதரைக் கடைக்கு அழைத்து வந்திருந்தால், ஒரு டிகிரி காப்பி வாங்கிக் கொடுத்திருப்பேனே, தம்பி."

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. மறுநாளே தோழருக்கு உண்மை முழுவதையும் எழுதினேன். பொங்கல் விடுமுறையில் அவர் மீண்டும் வந்தார். இம்முறை நேரே கடைக்கு அழைத்துச் சென்று, "இவர் என் அப்பா" என்றேன். தந்தையார் எழுந்து, மைபட்ட விரல்களைத் துணியில் துடைத்துக்கொண்டு, "வாங்க தம்பி, உட்காருங்க" என்று தம் நாற்காலியையே நகர்த்தினார், காப்பிக்கும் ஆளனுப்பினார்.

நண்பர்காள்! நம்முள் எத்தனையோ பேருக்குக் கல்லூரிக் கட்டணம் இத்தகைய ஏடுகளின்முன் குனிந்த முதுகுகளிலிருந்தே வருகின்றது. கோயில் கட்டியவரையும் கணிதம் கண்டவரையும் புகழக் கற்ற நாம், நம்மை இங்கு அனுப்பிவைத்தவரை நாலுபேர் நடுவே "என் தந்தை" என்று சொல்லவும் கற்போமாக.