காத்திருக்கும் பெயர்கள்

நான் வேலை செய்யும் இடத்தில் ஒரு பழைய சர்வர் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஜேபாஸ் 4, அதாவது 2004-இல் வந்த ஜாவா அப்ளிகேஷன் சர்வர். புதியவர்கள் யாரும் தொட விரும்பாததால் என் கைக்கு வந்து சேர்ந்தது. பல்கலைக்கழகத்தில் படித்த நான்கு வருடத்தில் இதைப் பற்றி யாரும் ஒரு வரிகூடச் சொன்னதில்லை. லாக் கோப்பைப் படித்துப் படித்துத்தான் கற்றுக்கொண்டேன்.

அதன் மையத்தில் இருப்பது ஒரு பதிவேடு. டேட்டாபேஸ் இணைப்பு, செய்தி வரிசை, மின்னஞ்சல் என ஒவ்வொரு பாகமும் 'எம்பீன்' என்ற வடிவத்தில், தனக்கென ஒரு பெயரோடு அதில் பதிந்துகொள்ள வேண்டும். பாகம் யாருக்குத் தேவையோ அவர்கள் பெயரைச் சொல்லிக் கேட்பார்கள். பதிவேடு தேடிக் கொடுக்கும். பதியாத பாகமும் நினைவகத்தில் உயிரோடு இருக்கலாம், ஏதாவது வேலைகூடச் செய்துகொண்டிருக்கலாம். ஆனால் நிர்வாகத் திரையில் அது கிடையாது.

இதை எனக்குப் புரியவைக்கத் தோட்டத்துப் பெரட்டே போதும். வீட்டில் பெரியவர்கள் சொல்லிச் சொல்லிக் கேட்டது. விடியுமுன் ஆட்கள் வரிசையில் நிற்க, கிராணி செக்ரோலைப் பார்த்துப் பெயர் கூப்பிடுவார். பெயர் இருந்தால் கூலி. பெயர் இல்லாமல் புருஷனோடு மரத்துக்குப் போய் மங்கு கழுவி, பால் தூக்கிய பெண்களும் பிள்ளைகளும் எத்தனையோ பேர். வேலை நடந்தது. பதிவு இல்லை.

பெயர் எழுத்துக்கு எழுத்துச் சரியாக இருக்க வேண்டும் என்பதிலும் சர்வர் கிராணியைப் போலத்தான். ஜேஎன்டிஐ என்ற பெயர் தேடும் முறையில் ஓர் எழுத்து மாறினாலும் 'நாட் பவுண்ட்' என்று வந்துவிடும். அந்தப் பெயரோடு எதுவும் கட்டப்படவில்லை என்று அர்த்தம். அதில் சாய்கோட்டுக்கு வேறு தனி வேலை இருக்கிறது. சாய்கோடு வந்த இடத்தில் பெயர் முறிந்து, அடுத்த அறைக்குள் போகும். நம் ஐசியில் 'ஏ/எல்', 'ஏ/பி' என்று நடுவில் அந்தக் கோட்டோடுதான் நாம் எல்லோரும் அலைகிறோம். ஆன்லைன் படிவங்கள் நம் பெயரைத் துப்பும்போதெல்லாம் எனக்கு இந்த நினைவு வரும்.

எங்கள் குடும்பம் பீடோங் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து தஞ்சோங் டாவாய்க்கு வந்தது. மெர்போக் ஆறு கடலில் சேரும் ஊர். எதிர்க்கரையில் பந்தாய் மெர்டேக்கா. காற்றில் எப்போதும் கருவாட்டு வாசம். சித்தி அங்கே நெத்திலி பிரிக்கும் வேலைக்குப் போகிறார். அவரிடம் நீல அட்டையும் இல்லை, சிவப்பு அட்டையும் இல்லை. லயத்து வீட்டில் பிறந்தவர். பிறந்ததை யாரும் போய் எழுதி வைக்கவில்லை.

சித்தப்பா குடியுரிமை உள்ளவர். கோயிலில் தாலி கட்டினார். ஆனால் 1982 மார்ச் 1 முதல் முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணம் பதியப்பட்டால்தான் சட்டத்துக்கு அது திருமணம். பதிய ஐசி வேண்டும், ஐசிக்குப் பிறப்புப் பத்திரம் வேண்டும். திருமணம் பதியாததால் பிள்ளை தகப்பனைச் சேராது, தாயைச் சேரும். தாய்க்கோ எதுவும் இல்லை. தம்பி ஆஸ்பத்திரியில் பிறந்தவன், பத்திரமும் இருக்கிறது. அதில் 'புக்கான் வார்காநெகாரா', குடிமகன் அல்லன் என்று அச்சடித்திருக்கிறது. 12 வயதில் வகுப்பு மொத்தமும் மைகார்டு எடுக்கப் போனபோது இவன் மட்டும் பள்ளியிலேயே இருந்தான். இப்போது வயது 16. மோட்டார் லைசன்ஸ் கிடையாது, பேங்க் கணக்கு கிடையாது.

போகிற இடமெல்லாம் கேள்வி அவனிடம்தான். "ஏன் உனக்கு ஐசி இல்ல?" ஒரு முகப்பில் அப்படிக் கேட்டபோது நான் பக்கத்தில் இருந்தேன். அவன் என்னைப் பார்த்தான். "நான் என்னக்கா பண்ணேன்?"

ஜேபாஸ் இந்த விஷயத்தில் அந்த முகப்பைவிட நாகரிகமானது. ஒரு பாகம் இன்னொன்றைச் சார்ந்திருந்து, அந்த இன்னொன்று பதியாமல் கிடந்தால், சர்வர் இரண்டு பட்டியல் போடும். முதல் பட்டியல் மற்றவற்றுக்காகக் காத்திருக்கும் எம்பீன்கள். ஒவ்வொன்றின் கீழும் 'நான் சார்ந்திருப்பது' என்று தன்மையிலேயே எழுதியிருக்கும். இரண்டாவது, பிரச்சினைக்கு மூலகாரணமான எம்பீன்கள். அவற்றின் கீழே 'என்னைச் சார்ந்திருப்பது'. காத்திருப்பவன்மேல் பழி விழாது. ஒன்று எழுந்திருக்கவில்லை என்றால் அதையே திரும்பத் திரும்பத் தட்டக் கூடாது, அது எதற்காக நிற்கிறது என்று பார்க்க வேண்டும். இந்தச் சர்வர் எனக்குக் கற்றுக்கொடுத்தது அவ்வளவுதான்.

ஓர் ஏ4 தாளில் அதே மாதிரி எங்கள் வீட்டுக்கு வரைந்தேன். தம்பியின் குடியுரிமை சித்தியைச் சார்ந்தது. சித்தியின் ஐசி அவருடைய பிறப்புப் பதிவைச் சார்ந்தது. பல வருடமாக எல்லோரும் தம்பிக்குத்தான் மனு எழுதிக்கொண்டிருந்தோம். வேர் சித்தியிடம் இருந்தது.

பிறகு சித்திக்கான தாமதப் பிறப்புப் பதிவுக்கு ஆதாரம் தேடினோம். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிப் பதிவேட்டில் அவர் பெயர் கிடைத்தது. கிளினிக் அட்டையிலும் கிடைத்தது, ஓர் எழுத்துக் கூடுதலாக. இரண்டும் ஒரே ஆள்தான் என்று சத்தியப் பிரமாணம் செய்ய வேண்டியிருந்தது. தாளை மடித்துக்கொண்டே சித்தி சொன்னார்: "பேரு எழுதினவங்க யாரும் எங்கிட்டக் கேட்டு எழுதலம்மா."

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமல்ல. 2011-இல் மைடஃப்தார் என்று ஓர் இயக்கத்தை அரசாங்கம் நடத்தியதே, ஆவணம் இல்லாமல் நின்ற இந்தியர்கள் அத்தனை பேர் இருந்ததால்தான். தோட்டங்கள் துண்டாடப்பட்டு ஆட்கள் கலைந்தபோது, அவர்கள் அங்கே பிறந்து வளர்ந்ததற்கான சாட்சிகளும் கலைந்துபோயின.

சர்வரில் வேர் பதிந்த உடனே காத்திருந்தவை வரிசையாகத் தானே எழுந்துகொள்ளும். மனிதர்களுக்கு அப்படி நடக்காது. சித்தியின் பதிவு வந்த பிறகும் தம்பிக்கு வேறு படிவம், வேறு வரிசை. மனு உள்ளே போய் ஏழு மாதம் ஆகிறது. மூலகாரணம் என்று பட்டியலிட்ட பாகத்தின் நிலையை ஜேபாஸ் ஒரே சொல்லில் எழுதும். அதைத் தமிழில் சொன்னால் 'இன்னும் நிறுவப்படவில்லை'. 'இல்லை' என்று எழுதாமல் 'இன்னும்' என்று எழுதுகிறதே, தம்பி கேட்கும்போதெல்லாம் நான் சொல்வதும் அந்த ஒரு சொல்தான்.