பட்டிப்பொலப் பயணமும் எங்களைப் பற்றிய கணக்குகளும்

பட்டிப்பொல என்ற பெயரை எமது வாசகிகளில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். நுவரெலியா மாவட்டத்தில், அம்பேவெலவுக்கும் ஒகியாவுக்கும் இடையில் மேகத்துக்குள் ஒளிந்து கிடக்கும் சின்ன ஊர் அது. இலங்கையின் புகையிரத நிலையங்களுள் மிக உயரமானது இங்கேதான் இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து 6,200 அடிக்கு மேல். கொழும்புக் கோட்டையிலிருந்து ஏறத்தாழ 225 கிலோமீற்றர். ஆங்கிலேயர் போட்ட மலைநாட்டுப் பாதை 1885இல் நானுஓயாவை அடைந்தது. அங்கிருந்து அப்புத்தளையைத் தொட 1893 ஆகிவிட்டது. இடையில் நின்ற இந்தக் குளிர் மலைகளை வெட்டியும் குடைந்தும்தான் தண்டவாளம் போட்டிருக்கிறார்கள். உயரத்தின் கணக்கை நிலையப் பலகையில் காணலாம். வெட்டியவர்களின் கணக்கை நான் அங்கே எங்கும் காணவில்லை.

2023ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம், கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களைச் சேர்ந்த பதினான்கு பெண்களுடன் அங்கு சென்றேன். பதினான்கு பேரும் தனியாகக் குடும்பத்தைத் தாங்குபவர்கள். வீட்டுத்தோட்டம், நிலக்கடலை, மிளகாய் என்று ஏதோவொன்றைப் பயிரிட்டு விற்பவர்கள். மலையகத்தில் மரக்கறி செய்யும் பெண்கள் குழுவொன்றைச் சந்தித்து அனுபவங்களைப் பகிர்ந்துகொள்வதே பயணத்தின் நோக்கம். கண்டியில் ‘பொடி மெனிக்கே’ ஏறினோம். நானுஓயா தாண்டியதும் தேயிலை குறைந்து யூக்கலிப்டஸ் மரங்கள் வந்தன. பின்பு அம்பேவெலவின் பச்சைப் புல்வெளிகளும் கொழுத்த மாடுகளும். “எங்கட மாடு இதைக் கண்டால் வீட்டுக்குத் திரும்பி வராது” என்று ஒரு அக்கா சொல்ல, பெட்டியே சிரித்தது.

இறங்கியதும் சிரிப்பு நின்றுவிட்டது. வன்னி வெயிலில் வாழ்ந்த உடம்புகள் அல்லவா! துவாயாலும் படுக்கை விரிப்பாலும் போர்த்திக்கொண்டு நடந்தோம். “வாங்கக்கா, வாங்க. மொதல்ல சாயத்தண்ணி குடிங்க, அப்புறமா பேசலாம்” என்று எங்களை அழைத்தவர்கள் ரொட்டியும் கட்டச் சம்பலும் தந்து அடுப்படியில் இருத்தினார்கள். அந்த அடுப்படியில்தான் எங்கள் கலந்துரையாடல் நடந்தது. ஏற்பாடு செய்திருந்த மண்டபத்தில் நடந்திருந்தால் இவ்வளவு கதைத்திருப்போமா என்பது சந்தேகமே.

கதை கரட்டில் ஆரம்பித்தது. அந்த வீட்டுப் பெண் தன் துண்டு நிலத்தில் கரட்டும் லீக்ஸும் போடுகிறார். விலையை எப்படித் தீர்மானிக்கிறீர்கள் என்று கேட்டேன். “நாங்க எங்கங்க தீர்மானிக்கிறது? லொறிக்காரர் சொல்றதுதாங்க வெல. கொழும்புல விழுந்துருச்சும்பாரு. நாங்க போயா பாத்தோம்?” என்றார். முல்லைத்தீவிலிருந்து வந்த அக்கா தலையாட்டினார்: “எங்களுக்கும் உதேதான். கடலைக்கு யாவாரி சொல்லுறதுதான் விலை.”

கொழும்பில் உண்மையிலேயே விலை விழுந்ததா என்பதை அந்த அடுப்படியில் இருந்தே பார்க்க முடியும். மத்திய வங்கி நாளாந்த விலை அறிக்கை ஒன்றை வெளியிடுகிறது. புறக்கோட்டையிலும் தம்புள்ளையிலும் மொத்த விலை என்ன, சில்லறை விலை என்ன, நேற்று என்ன, இன்று என்ன என்பதெல்லாம் அதில் உண்டு. ஹெக்டர் கொப்பேகடுவ கமநல ஆராய்ச்சி நிறுவனமும் உணவுப் பொருட்களின் விலைகளைத் தொடர்ந்து வெளியிடுகிறது. எனது தொலைபேசியில் எடுத்துக் காட்டினேன். அதைப் பார்த்தவுடன் வந்த கேள்வி, “இதுக்கு எவ்வளவு காசு கட்டவேணும் மிஸ்?” என்பதுதான். ஒரு சதமும் இல்லை என்றதும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். விலை தெரிந்துவிட்டால் லொறிக்காரர் கூட்டித் தந்துவிடுவார் என்று நான் சொல்ல வரவில்லை. கரட் பிடுங்கிவிட்டால் அன்றே விற்றாக வேண்டும். வேறு லொறியும் வராது. ஆனால் “கொழும்பில விழுந்துவிட்டது” என்ற வார்த்தையை இனி அப்படியே விழுங்கவேண்டியதில்லை.

இப்படி அரசாங்க அலுவலகங்கள் தம்மிடமுள்ள கணக்குகளை எவரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தும்படி பொதுவில் வைப்பதைத் திறந்த தரவு என்கிறார்கள். பெரிய நகரங்கள் பலவற்றில் இது வழக்கமாகிவிட்டது. நியூயோர்க் நகரத்தில் 2012இல் இதற்கென்றே ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். நகரத்தின் திணைக்களங்கள் தம்மிடமுள்ள, வெளியிடத்தக்க தரவுகள் அனைத்தையும் 2018 முடிவதற்குள் ஒரே இணையத்தளத்தில் போடவேண்டும் என்பது அதன் சாரம். குப்பை எடுக்கவில்லை, வீட்டில் சூடு வரவில்லை, எலித் தொல்லை என்று மக்கள் தொலைபேசியில் கொடுக்கும் முறைப்பாடுகள்கூட அதில் இருக்கின்றன. அங்கே 2014இல் ஒருவர் வாகனத் தரிப்பிடத் தண்டப் பணக் கணக்கைக் கிண்டிப் பார்த்தார். ஒரு தெருவிலிருந்த தீயணைப்புத் தண்ணீர்க் குழாய்களின் அருகில் மட்டும் வருடாவருடம் ஆயிரக்கணக்கான டொலர் தண்டம் சேர்ந்திருந்தது. போய்ப் பார்த்தால், நிறுத்தலாம் என்பதுபோலத் தரையில் கோடு போட்டிருக்கிறது. நிறுத்தியவருக்குத் தண்டச் சீட்டும் எழுதுகிறார்கள்! விடயம் வெளியானதும் நகர நிர்வாகம் கோட்டைத் திருத்தியது. இதைச் சொன்னபோது அடுப்படி குலுங்கச் சிரித்தார்கள். “அங்கயும் இப்படித்தானா?” என்றார் வீட்டுக்காரப் பெண், ஏதோ ஆறுதல் கிடைத்தது போல.

ஆனால் கிளிநொச்சி அக்கா ஒருவர் சிரிக்கவில்லை. சற்று நேரம் நெருப்பைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: “எத்தினை தரம் எங்களை எழுதினவை மிஸ். முகாமில எழுதினவை. வெளியில வந்த பிறகு எழுதினவை. வீட்டுத்திட்டத்துக்கு எழுதினவை. என்ஜிஓக்காரர் வேற. எழுதினதை ஒருத்தரும் எங்களுக்குக் காட்டேல்லை.”

படிவத்தோடு வீடு வீடாகப் போவது என் தொழிலும்தான். ஆகவே அந்தப் பேச்சு என்னைச் சுட்டது. சமூகவியல் படித்தபோது தரவு சேகரிப்பது எப்படி என்று மூன்று வருடங்கள் படிப்பித்தார்கள். தந்தவரிடம் அதைத் திருப்பிக் கொடுப்பது எப்படி என்று ஒரு பாடமும் இருந்ததாக ஞாபகம் இல்லை.

எங்கள் நாட்டில் எண்ணப்படாமல் விடப்பட்டவர்களும் நாங்கள்தான். 1981இற்குப் பின்னர் நாடு முழுவதற்குமான குடிசன மதிப்பீடு நடந்தது 2012இல். இடையில் 1991இல் யுத்தத்தால் நடக்கவேயில்லை. 2001இல் 25 மாவட்டங்களில் 18இல் மட்டுமே முழுமையாக நடந்தது. யுத்தத்தில் கணவனை இழந்த பெண்கள் எத்தனை பேர் என்பதற்கு ஆளுக்கொரு எண் சொன்னார்கள். 2010இல் பிரதியமைச்சர் ஒருவர் கிழக்கில் 49,000, வடக்கில் 40,000 என்றார். அந்த எண்ணுக்குள் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் மனைவியர் அடங்குவார்களா? தன்னை விதவை என்று எழுதச் சம்மதிக்காத பெண்ணை எந்தக் கட்டத்துக்குள் போடுவது?

மலையகப் பெண்களுக்கு வேறு விதமான எண்ணிக்கைப் பிரச்சினை. 1911 முதல் ‘இந்தியத் தமிழர்’ என்று தனியாக எண்ணப்பட்டு வருபவர்கள். 2012இல் 8 லட்சத்து 39 ஆயிரம் பேர், அதாவது நூற்றுக்கு நான்கு பேருக்குச் சற்று மேல். 2024 கணக்கெடுப்பில் இது மூன்றையும் எட்டவில்லை. ஆட்கள் குறைந்தார்களா, ‘இலங்கைத் தமிழர்’ என்று பதிந்துகொண்டவர்கள் கூடினார்களா? இரண்டுக்கும் இடமுண்டு.

எண்ணினால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். பத்தரமுல்லையில் இருக்கும் தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் 2019இல் நடத்திய குடும்ப வருமான, செலவு ஆய்வைப் பாருங்கள். நாட்டில் நூற்றுக்கு 14 பேர் வறியவர்கள். பெருந்தோட்டங்களில் மட்டும் ஏறக்குறைய 34 பேர். முல்லைத்தீவு மாவட்டத்தில் 44. கொழும்பு மாவட்டத்தில் 2 பேருக்குச் சற்று மேல். தோட்டத்தைத் தனியாக எண்ணியபடியால்தான் அந்த 34 வெளியே தெரிகிறது. கிராமத்தோடு சேர்த்துக் கலக்கியிருந்தால் மறைந்து போயிருக்கும். அடுப்பைச் சுற்றியிருந்த இரண்டு தரப்பினரும் அன்று முதற்தடவையாகத் தங்கள் எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள்.

இங்கே ஒரு பயமும் இருக்கிறது. அதை மறைக்க வேண்டியதில்லை. பெயர்ப் பட்டியல் என்றாலே எங்கள் பெண்களுக்கு நெஞ்சு திடுக்கிடும். அதற்குக் காரணமும் உண்டு. பொதுவில் வைக்கவேண்டியது கணக்குகளை மட்டுமே. ஆட்களின் பெயரையும் முகவரியையும் அல்ல. எத்தனை பேருக்கு உதவி கிடைத்தது என்பது ஊருக்குத் தெரியவேண்டும். இன்ன வீட்டில் தனியாக ஒரு பெண் இருக்கிறாள் என்பது தெரியக்கூடாது. 2022இல் நிறைவேற்றப்பட்ட 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இந்த நோக்கத்துக்கானதே.

மொழியும் ஒரு கதவுதான். இதை இப்போது எழுதும்போது 2025 நவம்பரின் ‘டித்வா’ சூறாவளி நினைவுக்கு வருகிறது. 600க்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்த அந்த அனர்த்தத்தில் மலைநாடு மண்சரிவுகளால் சிதைந்தது. புகையிரதப் பாதையும் பல இடங்களில் அறுந்தது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைகளை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என மூன்று மட்டங்களில், பிரதேச செயலகப் பிரிவு வாரியாக வெளியிடுகிறது. சிவப்பு என்றால் வெளியேறவேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த நாட்களில் எச்சரிக்கைகள் தமிழில் போதியளவு, வேளைக்கு வந்து சேரவில்லை என்று பலரும் குறை சொன்னார்கள். தமிழ் அரச கரும மொழியாகி எத்தனை வருடங்கள்! லயத்தில் இருக்கும் தாய்க்கு வாசிக்க முடியாத எச்சரிக்கையை வெளியிட்டது என்று எப்படிக் கணக்கில் வைப்பது?

வெளியிடாததைக் கேட்டு வாங்கவும் வழி இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் உள்ளது. பிரதேச சபை, பிரதேச செயலகம், அமைச்சு என்று எங்கும் தகவல் அலுவலர் ஒருவர் இருக்கவேண்டும். ஏன் கேட்கிறாய் என்று அவர் கேட்க முடியாது. எழுத முடியாதவர் வாயால் சொன்னாலும் அவரே எழுதிக்கொள்ள வேண்டும். கோரிக்கை கிடைத்ததற்கு எழுத்தில் அத்தாட்சி தரவேண்டும். அதைக் கேட்டு வாங்காமல் திரும்பாதீர்கள். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்லவேண்டும். மறுத்தால் அல்லது மௌனமாக இருந்தால் 14 நாட்களுக்குள் அதே இடத்திலுள்ள குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு செய்யலாம். அதற்கும் அசையாவிட்டால் இரண்டு மாதத்துக்குள் ஆணைக்குழுவுக்குப் போகலாம். ஒருவரின் உயிருடனும் தனிப்பட்ட சுதந்திரத்துடனும் தொடர்புடைய தகவல் என்றால் 48 மணித்தியாலத்துக்குள் பதில் வரவேண்டும். தேசிய பாதுகாப்பு போன்ற காரணங்களைக் காட்டி மறுக்கவும் சட்டத்தில் இடமிருக்கிறது என்பதையும் தெரிந்து வைத்திருங்கள்.

அன்றிரவு, கொப்பித் தாளில், முல்லைத்தீவு அக்கா ஒரு கடிதம் எழுதினார். தனது பிரிவில் வீட்டு உதவிக்கு விண்ணப்பித்தவர்கள் எத்தனை பேர், கிடைத்தவர்கள் எத்தனை பேர், வரிசை எந்த அடிப்படையில் தீர்மானிக்கப்படுகிறது, இவ்வளவும்தான் கேள்வி. வீட்டுக்காரப் பெண் அதைப் பார்த்து, ‘வீடு’ என்ற இடத்தில் ‘பாதை’ என்று மாற்றித் தனக்கும் ஒன்று எழுதிக்கொண்டார்.

பதினான்கு வேலை நாட்கள் கடந்தும் அக்காவுக்குப் பதில் வரவில்லை. மேன்முறையீடு எழுதினார். பின்புதான் தமிழில், இரண்டு பக்கத்தில், எவருடைய பெயரும் இல்லாமல் எண்கள் மட்டும் வந்தன. என்னைத் தொலைபேசியில் அழைத்தார்.

“எனக்கு முன்னால எத்தினை பேர் நிக்கினம் எண்டு இப்பதான் தெரியும் மிஸ். வீடு இன்னும் வரேல்லை. ஆனால் இப்ப ஒபிசுக்குப் போகேக்க அந்தத் தாளையும் கொண்டுதான் போறன்.”