அசையாத நட்டு

பிடிவாதத்துக்குப் பரிசு கொடுப்பதென்றால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கே கொடுக்கலாம் என்று நினைப்போம். மோட்டார் வண்டிச் சக்கரத்தின் நட்டு அப்போது போட்டிக்கு வந்து நிற்கும். பிள்ளையை நயத்தாலோ பயத்தாலோ வழிக்குக் கொண்டுவந்துவிடலாம். துருவேறிய நட்டோ இரண்டுக்கும் மசியாது. தக்க கருவிக்குத்தான் அது தலை வணங்கும்.

இராஜாக்கமங்கலத்துக்காரர்களாகிய எங்களுக்கு இந்த விஷயத்தில் அனுபவம் சற்று அதிகம். ஜன்னல் கம்பியைத் தின்கிற கடற்காற்று, சக்கரத்து மரைகளை மட்டும் விட்டுவைக்குமா? துறையிலிருந்து மீன் ஏற்றிச் செல்லும் வண்டிகளிலோ, ஐஸ் உருகிய உப்பு நீர் ஓயாமல் சொட்டிக்கொண்டிருக்கிறது. இயற்கை செய்கிற வேலை போதாதென்று, சில பட்டறைகளில் காற்று விசையால் இயங்கும் துப்பாக்கியைப் பிடித்து நட்டுகளை அளவின்றி முறுக்கியும் விடுகிறார்கள்.

சென்ற ஐப்பசியில் ஒரு மழை இரவு. அண்டை வீட்டுப் பெண்ணைப் பிரசவத்துக்காக ஆசாரிபள்ளம் ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் சென்றுகொண்டிருந்தோம். வழியில் வாடகைக் காரின் பின் டயர் காற்றிழந்தது. ஓட்டி வந்த இளைஞன் காரோடு கொடுத்த குட்டையான ஸ்பானரை நட்டில் மாட்டி அழுத்தினான், உதைத்தான், பிறகு அதன்மேல் ஏறிக் குதித்தான். ஸ்பானர் வழுக்கியது. அவன் முழங்காலுக்குக் கீழே தோல் உரிந்தது. நட்டின் முனைகளும் மழுங்கின. உள்ளேயிருந்து அந்தப் பெண்ணின் முனகல் கேட்டுக்கொண்டிருந்தது.

நல்ல வேளையாக ஒரு மீன் வண்டி வந்து நின்றது. அதிலிருந்து இறங்கிய முதியவர், "அதுக்க மேல ஏறிச் சாடாத, மக்கா! நீளம் இருந்தா பலம் எதுக்கு?" என்று சொல்லிக்கொண்டே கையளவு நீளமுள்ள ஓர் இரும்புத் தண்டை எடுத்து வந்தார். மழுங்கிய நட்டின்மேல் சற்றுச் சிறிய சாக்கெட்டைச் சுத்தியலால் தட்டி இறக்கினார். சில நிமிஷங்களில் எல்லா நட்டுகளும் கழன்றன. விடிவதற்குள் தாயும் சேயும் சௌக்கியம் என்ற செய்தி கேட்டோம்.

பெரியவர் சொன்னது முழுக்க முழுக்கக் கணிதம். சிறு கார்களின் சக்கர நட்டை ஏறக்குறைய 100 நியூட்டன் மீட்டர் முறுக்கத்தில் பூட்டுவது வழக்கம். துருவினால் அதைக் கழற்ற இரு மடங்கு வேண்டியிருக்கிறதென்று வைத்துக்கொள்வோம். 25 சென்டிமீட்டர் நீளமுள்ள ஸ்பானரின் நுனியில் அதற்கு 80 கிலோ எடை அழுத்த வேண்டும். 60 சென்டிமீட்டர் தண்டானால் 33 கிலோ போதும். முன்னது பயில்வானுக்கும் சிரமம். பின்னது நம் வீட்டுப் பெண்மணிகளுக்கும் இயலும். செக்கில் மாடு சுற்றும் மரம் அத்தனை நீளமாயிருப்பதும் இந்தத் தத்துவத்தினால்தான்.

ஆகவே வண்டியில் வைத்திருக்க வேண்டியவை இவை: நட்டின் அளவுக்குப் பொருந்திய ஆழமான சாக்கெட் ஒன்று, அதற்கேற்ற, 60 சென்டிமீட்டருக்குக் குறையாத கைப்பிடித் தண்டு ஒன்று. 17, 19, 21 மில்லிமீட்டர் அளவுகள் சாதாரணமாகக் காணப்படுகின்றன. சாக்கெட்டின் உட்புறம் ஆறு பட்டையாக இருக்கட்டும். பன்னிரண்டு பட்டையுள்ளது முனைகளை மழுக்கிவிடும். 'கிடுகிடு'வென்று ஓசையிடும் ராட்சட் கைப்பிடி இந்த வேலைக்கு ஆகாது. அதன் பற்கள் முறிந்துவிடலாம். ஸ்பானரின் வாலில் குழாயைச் செருகி நீட்டுவதும் அபாயம். சீமைச் சரக்கைத் தேட வேண்டாம். நம் ஜலந்தர் பட்டறைகளில் செய்யும் கைக்கருவிகள் அந்நிய தேசங்களுக்கே ஏற்றுமதியாகின்றன. குரோம் வனேடியம் எஃகு என்று பொறித்திருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

கருவி நல்லதானாலும் முறை தவறக்கூடாது. வண்டியை ஜாக்கியில் தூக்கிய பிறகு நட்டோடு மல்லுக்கட்டினால், வண்டி சரிந்து ஆளை நசுக்கும். சக்கரம் தரையில் இருக்கும்போதே, கைப் பிரேக்கைப் போட்டு, மற்றொரு சக்கரத்துக்குக் கல் முட்டுக் கொடுத்து, நட்டுகளை முதலில் இளக்கிக்கொள்ள வேண்டும். தண்டு உங்களுக்கு இடப்புறமாக நீட்டி நிற்கட்டும். உடலின் பாரத்தை மெதுவாக அதன்மேல் இறக்குங்கள். அசையாவிட்டால், துருவிளக்கும் எண்ணெய் இரண்டு துளி விட்டுக் கால் மணி நேரம் காத்திருங்கள். நெருப்பு மட்டும் காட்டாதீர்கள். சூட்டில் டயர் வெடித்து உயிர் போனதுண்டு.

திரும்பப் பூட்டும்போது மரையில் எண்ணெய் இருக்கலாகாது. இருந்தால் அதே முறுக்கத்துக்கும் இழுவிசை மிகுந்து திருகாணி நீண்டுவிடக்கூடும். ஒன்றுக்கு எதிர் ஒன்றாகப் பூட்டி, 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடியும் சரிபார்க்க வேண்டும்.

நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில், வீட்டு முற்றத்திலே, காப்பி குடித்துவிட்டு, ஒவ்வொரு நட்டையும் சற்றே இளக்கி மீண்டும் அளவாகப் பூட்டிப் பாருங்கள். எந்த நட்டு பிடிவாதக்காரன் என்பதைப் பகல் வெளிச்சத்தில் தெரிந்துகொள்வது நல்லது. மழை இரவில் அதைத் தெரிந்துகொள்ள அவகாசம் இராது.