அப்பா திருப்பிப் பார்த்த இன்சுலின்

எங்கள் அப்பாவுக்கு வயது 74. ரயில்வேயில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சேலம் ஜங்ஷனில் ரயில் ஊதினால் வாசலில் கேட்கும். அப்படி ஒரு தூரத்தில், சூரமங்கலத்தில் எங்கள் வீடு. எந்தப் பொருளையும் கையில் வாங்கித் திருப்பிப் பார்க்காமல் நம்ப மாட்டார். உழவர் சந்தையில் ஒரு கிலோ கத்திரிக்காய் வாங்க அவருக்கு அரை மணி நேரம் ஆகும்.

இருபது வருடமாகச் சர்க்கரை. போன வருடம் டாக்டர், "இனி மாத்திரை மட்டும் பத்தாதுங்க, இன்சுலின் போட்டே ஆகணும்" என்றார். அப்பா எழுந்து வெளியே வந்துவிட்டார். காரணம் எனக்குத் தெரியும். பெரியப்பாவுக்கு இன்சுலின் ஆரம்பித்த மூன்றாவது மாதம் காலை எடுத்தார்கள். "ஊசிதான் காலை எடுத்துச்சு" என்பது அப்பாவின் தீர்ப்பு. நான் அழுதேன், சண்டை போட்டேன். மூன்று மாதம் அசையவில்லை. காலில் எரிச்சல் மட்டும் கூடிக்கொண்டே போனது.

என் மகள் கல்லூரியில் உயிர்வேதியியல் படிக்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, "அப்புச்சி, இன்சுலினைப் பார்க்கறீங்களா?" என்று தன் போனை நீட்டினாள். திரையில் வண்ண வண்ண நாடாக்கள் முறுக்கிக்கொண்டு நின்றன. "விரலால தள்ளுங்க" என்றாள். அப்பா தள்ளினார். மொத்தமும் சுழன்றது. இரண்டு விரலால் விரித்தார். அணுக்கள் அருகில் வந்தன. கத்திரிக்காயைத் திருப்புகிற அதே கவனத்தோடு மேலும் கீழும் திருப்பினார்.

இது கற்பனைப் படம் அல்ல என்று மகள் விளக்கினாள். புரோட்டீன் டேட்டா பேங்க் என்று ஒரு சேமிப்பகம், 1971ல் தொடங்கியது. எக்ஸ்ரே போன்ற வழிகளில் கண்டுபிடித்த இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட அமைப்புகள் அதில் இருக்கின்றன. அங்கே உள்ளது படம் அல்ல, எண்கள். ஒவ்வொரு அணுவும் இடவலமாக, மேல்கீழாக, முன்பின்னாக எங்கே இருக்கிறது என்று மூன்று எண்கள். அதைப் படித்து நம் போனே படம் வரைகிறது. முன்பு இதற்குத் தனி மென்பொருள் ஏற்ற வேண்டும். இப்போது பக்கத்தைத் திறந்தால் போதும், காசும் கிடையாது.

"ரெண்டு சங்கிலி தெரியுதே?"

"ஆமா அப்புச்சி. ஒண்ணுல 21 அமினோ அமிலம், இன்னொண்ணுல 30. ரெண்டையும் கந்தகம் ரெண்டு இடத்துல பிடிச்சிருக்கு."

"போல்ட் மாதிரி" என்றார் அப்பா. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

டோரதி ஹாட்ஜ்கின் என்ற அம்மையார் இதன் படிகத்தை முப்பதுகளில் எக்ஸ்ரே படம் எடுத்து, முழு அமைப்பையும் 1969ல்தான் கண்டார். அந்தக் குழுவில் நம் நாட்டு எம். விஜயனும் இருந்தார். ஒரு புரதச் சங்கிலி எப்படியெல்லாம் மடங்க முடியும், எப்படி மடங்கினால் அணுக்கள் இடித்துக்கொள்ளும் என்று வரைபடம் போட்டவர் ஜி.என். ராமச்சந்திரன், 1963ல், நம் சென்னைப் பல்கலைக்கழகத்தில். இன்றும் புதிய புரத அமைப்புகளை அந்த வரைபடத்தில்தான் சரிபார்க்கிறார்கள். அப்பா இதையெல்லாம் கேட்டுக்கொண்டே திருப்பிக்கொண்டிருந்தார்.

பிறகு கேட்டார்: "இது மருந்தா, நம்ம உடம்புல ஊறுறதா?"

"உடம்புல ஊறுறதுதான். உங்களுக்குக் கணையத்துல இப்ப கம்மியா ஊறுது. அதை வெளியிலிருந்து குடுக்கறாங்க, அவ்வளவுதான்."

"அப்ப மாத்திரையா குடுக்கலாமில்ல? எதுக்கு ஊசி?"

"இது புரதம் அப்புச்சி. முழுங்கினா வயிறு இந்தச் சங்கிலியை அறுத்துடும். பருப்பு செரிக்கிற மாதிரி செரிச்சுடும்."

அப்பா வெகுநேரம் பேசவில்லை. மெதுவாக, "அப்ப உங்க பெரிய தாத்தனுக்கு?" என்றார்.

"அவருக்குக் காலைக் கெடுத்தது சர்க்கரை. ஊசி லேட்டா வந்துச்சு."

இதையேதான் டாக்டரும் சொன்னார், நானும் சொன்னேன். படம் பார்த்ததால் மட்டும் மனம் மாறியது என்று சொல்ல மாட்டேன். ஆனால் நாங்கள் அவரிடம் "போட்டுக்கோங்க" என்று மட்டும்தான் சொல்லியிருந்தோம். அது என்ன பொருள் என்று யாரும் அவர் கையில் கொடுக்கவில்லை. மறுநாள் அவரே, "டாக்டரைப் போய்ப் பார்க்கலாமா?" என்றார்.

எட்டு மாதம் ஆகிறது. பேனா ஊசியை அவரே போட்டுக்கொள்கிறார். சித்திரை வெயிலில் நான் அதை ஜன்னலோரம் வைத்துவிட்டால், "புரதம்மா அது, சூடு பட்டா கெட்டுரும்" என்று எனக்குத் திட்டு விழுகிறது.

போன வாரம் உழவர் சந்தை வாசலில் அவருடைய பழைய ரயில்வே நண்பரைப் பார்த்தோம். அவருக்கும் இன்சுலின் போடச் சொல்லியிருக்கிறார்களாம், வேண்டாம் என்கிறாராம். அப்பா காய்கறிப் பையை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனை எடுத்தார்.

"இந்தாப்பா, நல்லாத் திருப்பிப் பாரு" என்றார்.